மழையைப் பாத்து நடாதேங்கோ: வன்னியில மிளகாய்க்கண்டு நடுற காலம்

ஒட்டுசுட்டானில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா: வீட்டு வளவில ஐப்பசிக் கடைசியில மிளகாய்க்கண்டு நட்டா கார்த்திகை மழையோட பாதி அழுகிப்போகுது, சித்திரையில நட்டா பூக்கொட்டி இலை சுருண்டுபோகுது, அப்ப எப்பதான் நடுறது?

அக்கா, நீங்கள் மழையைப் பாத்து நடுறியள், பூக்கிற நாளைப் பாத்து நடுங்கோ. நட்டு அஞ்சாறு கிழமையில பூ வெளிக்கிடும், அந்த நேரம் பகல் 32 பாகைக்கு மேல, ராவில 24க்கு மேல வெக்கை நிண்டா பூ பிஞ்சாகாமலே கொட்டும். கறிமிளகாய்க்கு இது இன்னும் மோசம், சின்ன உறைப்பு மிளகாயான கொச்சி கொஞ்சம் தாங்கும். எங்கட பக்கம் மழையும் குறைஞ்சு ராக்குளிரும் இருக்கிற காலமெண்டா தையும் மாசியும்தான், பூ அப்ப வாறமாதிரி நடவேணும்.

கிணத்துத் தண்ணி இருந்தா நவம்பர் நடுப்பகுதியில விதையைப் போடுங்கோ, நாலஞ்சு கிழமையில நாத்து ரெடியாகும், டிசம்பர் கடைசியில நடலாம். டிசம்பர் தொடக்கத்தில நட எனக்கு விருப்பமில்லை, வங்காள விரிகுடாத் தாழமுக்கங்கள் வாற நேரம் அது, 2020இல புரவிப் புயலும் டிசம்பர் 2ஆம் திகதிதான் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில கரையேறினது.

ஆனா அடைமழைக்க நாத்து வளக்கிறதெண்டா மேடையை அரை அடியாவது உயத்திப் போடவேணும், விதைக்க முதல் மேல வைக்கோலும் உமியும் பரப்பி எரிச்சா நாத்தழுகல் நல்லாக் குறையும், பிறகு பொலித்தீன் பந்தல் ஒண்டு, பக்கத்தை மூடாதேங்கோ காத்துப் போகவேணும், விதையையும் நெருக்கிக் கொட்டவேண்டாம்.

கிணறில்லை, மழைதான் தஞ்சமெண்டா கதை வேற. செப்டம்பர் முதல் பாதியிலயே விதையைப் போட்டு ஒக்டோபர் முதல் மழைக்கே நட்டிடுங்கோ, நவம்பர் கொட்டத் தொடங்கமுதல் வேர் பிடிச்சிடவேணும். உங்கட ஐப்பசிக் கடைசிக் கண்டு அழுகினதுக்குக் காரணமே இதுதான், வேர் ஓடமுதல் தண்ணி நிண்டிட்டுது. சந்தையில நாத்துக்கட்டு மலிவா வாறதும் அந்த நேரந்தான் பாருங்கோ, அதில ஏமாறாதேங்கோ! பாத்தி வேண்டாம், மேட்டில நடுங்கோ, வயல்பக்கத்துத் தாழ்வான களிமண்ணெண்டா மழைக்காலத்தில நடவே வேண்டாம்.

சித்திரையில இலை சுருளுறது பெரும்பாலும் பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் சாறு உறிஞ்சுறதால, காய்ஞ்ச வெக்கையில அதுகள் நல்லாப் பெருகும், சோளகக் காத்தும் சேந்தா கண்டு வாடிப்போகும். அந்த நேரம் புதுசா நடத்தான் வேணுமெண்டா பின்னேர வெயில் மறைக்கிற முருங்கை நிழல்பக்கம் ரெண்டு மூண்டு கொச்சி வையுங்கோ, கறிமிளகாய் வேண்டாம்.