ஆதாரில் ஒரு வயது, மார்க் ஷீட்டில் இன்னொன்று

கேள்வி: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்படி எனக்கு 58 வயது முடிந்துவிட்டது. ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் இரண்டு வயது குறைவாக இருக்கிறது. பென்ஷன் கேட்க எது செல்லும்?

பதில்: மதிப்பெண் சான்றிதழ்தான். பிறந்த தேதிக்கான ஆவணப் பட்டியலிலிருந்து ஆதாரை 2024 ஜனவரியிலேயே பி.எஃப். அமைப்பு நீக்கிவிட்டது. ஆதார் அடையாளச் சான்று. வயதுச் சான்று அல்ல. ஆனாலும் அதை அப்படியே விட முடியாது. ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் உள்ள தேதிகள் பொருந்தாவிட்டால் ஆன்லைன் விண்ணப்பம் அங்கேயே முடங்கும்.

எனவே முதலில் ஆதார் மையத்தில் மதிப்பெண் சான்றிதழைக் காட்டித் தேதியைத் திருத்துங்கள். பொதுவாக ஒரே ஒருமுறைதான் அனுமதி, ஆகவே ஒப்புகைச் சீட்டில் தேதியைச் சரிபார்க்காமல் எழுந்து வராதீர்கள். அடுத்து பி.எஃப். உறுப்பினர் தளத்தில் கூட்டு அறிவிப்பு (நீங்களும் நிறுவனமும் சேர்ந்து தருவது) மூலம் திருத்தம் கோருங்கள். பெரும்பாலும் தாமதம் நிறுவனத்தின் ஒப்புதலில்தான். மனிதவளப் பிரிவை நச்சரிக்கத்தான் வேண்டும்.

திருத்தம் பதிவான பிறகே பென்ஷன் கோரும் 10டி படிவம். அவசரப்பட்டு முன்பே போட்டால் வயது போதவில்லை என்று திரும்பும், அல்லது 58-க்கு முந்தைய பென்ஷனாகக் கருதி ஆண்டுக்கு 4 சதவீதம் குறைத்துவிடுவார்கள்.

பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று எதுவுமே இல்லாதவர்களுக்கு சிவில் சர்ஜன் (அரசு மருத்துவ அதிகாரி) தரும் மருத்துவச் சான்றும் நீதிமன்றப் பிரமாணப் பத்திரமும் உண்டு.