வடசென்னை, ரவுடி, சினிமா – கடிதம்

அன்புள்ள அண்ணா,

நான் வடசென்னையில் வியாசர்பாடி. ஓ.எம்.ஆரில் வேலை. போன வாரம் புதிதாக வந்த டீம் லீடர் எந்த ஏரியா என்று கேட்டார், சொன்னேன். "ஐயோ, உன்கிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். எங்கள் பக்கத்தில் கேரம் உலக சாம்பியன்கள் இருக்கிறார்கள், தெருவுக்குத் தெரு கால்பந்து ஆடுகிறார்கள். சினிமாக்காரர்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு கத்தியையே காட்டிப் படம் எடுக்கிறார்கள். இந்தப் படங்களைத் தடை செய்தால் என்ன? இன்னொரு விஷயம், எட்டாவது படிக்கும் என் அக்கா பையன் அட்டையில் கத்தி செய்து, பின்னணியில் மாஸ் பாட்டு போட்டு ரீல் போட்டிருக்கிறான். அவனிடம் என்ன சொல்வது?

(பெயர் வேண்டாம் அண்ணா)

அன்புள்ள தம்பி,

தடையிலிருந்தே தொடங்குகிறேன். மாஃபியா கும்பலைப் பற்றிய ஹாலிவுட் படமான 'காட்ஃபாதர்' தயாராகிக்கொண்டிருந்த 1971ல், இத்தாலிய அமெரிக்கர்களைக் குற்றவாளிகளாகக் காட்டப்போகிறார்கள் என்று நியூயார்க்கில் பெரிய எதிர்ப்பு. ஒரு சங்கம் முன்னால் நின்று நெருக்கியது, தயாரிப்பாளர் இறங்கி வந்து திரைக்கதையில் 'மாஃபியா' என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர் ஜோ கொலம்போ, நியூயார்க்கின் ஐந்து மாஃபியா குடும்பங்களில் ஒன்றின் தலைவர்! சமூகத்தின் மானத்துக்காக ஊர்வலம் விட்டுக்கொண்டே தொழிலையும் பார்த்தார். அந்த ஜூனில் தன் சங்கத்தின் கூட்டத்திலேயே சுடப்பட்டு, படுத்த படுக்கையாகக் கிடந்து 1978ல் செத்தார். சொல்லை எடுத்தாயிற்று, ஆனால் மாஃபியா என்றால் இன்றைக்கும் எல்லோருக்கும் அந்தப் படம்தான் ஞாபகம் வருகிறது.

நம் ஊரிலும் 2018ல் 'வடசென்னை' வந்தபோது, படகில் வரும் ஒரு நெருக்கமான காட்சி மீனவர்களை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்பு கிளம்பியது, இயக்குநர் வருத்தம் தெரிவித்தார். அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் உங்கள் டீம் லீடர் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டா அப்படிப் பேசினார்?

சாம்பியன்களை எடுக்கலாம், நன்றாக எடுத்தால் நானே முதல் நாள் போய்ப் பார்ப்பேன். காசிமேட்டு ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024ல் அமெரிக்கா போய் கேரமில் மூன்று தங்கத்தோடு திரும்பியது சாதாரண விஷயமா என்ன. ஆனால் கத்திக்குப் பதில் கேரம் போர்டை வைத்தாலும் டீம் லீடர் "ஓ, வியாசர்பாடியா, கேரம் ஆடுவியா?" என்றுதான் கேட்பார். மரியாதை கொஞ்சம் கூடியிருக்கும், அவ்வளவுதான். கேரமும் ஆடாமல், பந்தும் உதைக்காமல், இ.எம்.ஐ. கட்டிக்கொண்டு வியாசர்பாடியில் ஒருவர் சும்மா இருக்கக்கூடாதா?

ரவுடியைக் காட்டுகிறார்கள் என்பதல்ல என் சண்டை. ரவுடியின் வரவு செலவைக் காட்டுவதே இல்லை என்பதுதான். சினிமாவில் ஒருவன் நட்புக்காகவும் துரோகத்துக்காகவும் கத்தி எடுக்கிறான், அப்புறம் இடைவேளை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆவது பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்கள். திட்டமிட்ட குற்றம் என்று அது சொல்வது, பணமோ பொருளோ ஆதாயம் பார்ப்பதற்காக ஒரு கூட்டம் தொடர்ந்து செய்கிற வேலை. மிரட்டிப் பணம் பறிப்பது, நில அபகரிப்பு, கூலிக்குக் கொலை, பொருளாதாரக் குற்றம் எல்லாம் அதில் ஒரே வரிசையில் நிற்கின்றன. சட்டம் எழுதியவர்களுக்கே இது வியாபாரம் என்று தெரிந்திருக்கிறது, நம் திரைக்கதை ஆசிரியர்களுக்குத்தான் இன்னும் வீரக்கதை.

அந்த வியாபாரத்தில் கீழ்ப்படியில் இருக்கிற பையனுக்கு என்ன கிடைக்கிறது? செலவுக்குக் கொஞ்சம் பணம், ஒரு பைக், "கேஸை அண்ணன் பாத்துப்பார்" என்ற வாக்கு. சில சமயம் அவன் செய்யாத வேலைக்கும் அவனே போய் சரண்டர் ஆகவேண்டும். அப்புறம் வக்கீல் ஃபீஸ், ஷ்யூரிட்டிக்கு ஆள் தேடி அம்மா அலைவது, புழல் ஜெயிலில் மனு போட்டு வரிசையில் நிற்பது. வெளியே வந்தால் ஸ்டேஷனில் சரித்திரப் பதிவேடு, அதாவது அவனைக் கண்காணிப்பதற்கென்றே ஒரு ஏடு. தேர்தல் வந்தாலும் பண்டிகை வந்தாலும் கூப்பிட்டு, ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்குவார்கள். வேறு வேலை கொடுக்க யாரும் வரமாட்டார்கள், அதே அண்ணன்தான் வருவார். பழைய இரும்பு டெண்டரிலும் காலி மனையிலும் கந்து வட்டியிலும் லாபம் பார்க்கிற பெரிய ஆள் பெரும்பாலும் இந்தத் தெருவில் குடியிருப்பதே இல்லை, அவருடைய ஏரியாவைக் கேட்டு யாரும் ஜோக் அடிப்பதும் இல்லை.

குண்டர் சட்டம் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் சினிமாவுக்கே ஒரு பங்கு இருக்கிறது. 1982ல் வந்த சட்டம் அது, விசாரணை இல்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். முதலில் கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடித்தனம் மாதிரியான சில வகைகள்தான் இருந்தன. 2004ல் திருட்டு வீடியோவையும் சேர்த்தார்கள். அதாவது, கொலை செய்கிறவனை ஹீரோவாக்கிய படத்தைத் திருட்டு விசிடி போட்டு விற்றால், விற்றவன் குண்டர்! திருட்டு விசிடியால் தயாரிப்பாளர்களுக்கு நஷ்டம் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் தங்கள் பணம் போனபோது மட்டும் குற்றம் என்றால் கணக்கு என்று சினிமாக்காரர்களுக்கு எவ்வளவு சுலபமாகப் புரிந்துவிட்டது பாருங்கள்.

நிஜத்தைப் பார்த்துத்தான் படம் எடுக்கிறோம் என்பார்கள். பாதி உண்மை. 'காட்ஃபாதர்' நாவலை எழுதிய மரியோ பூசோ அதற்கு முன் ஒரு நிஜ மாஃபியாக்காரனையும் சந்தித்ததில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். கதையில் வரும் மாஃபியா தலைவர் டான் பேசும்போது தன் மனதில் கேட்டது அம்மாவின் குரல்தான் என்றும் சொன்னார். எழுத்தாளரின் அம்மா பேசியதைக் கேட்டுவிட்டு நிஜக் கும்பல்காரர்கள் அதே மாதிரி பேசப் பழகினார்கள். நம் ஊரில் 2018 பிப்ரவரியில் ஒரு ரவுடி பட்டாக்கத்தியால் கேக் வெட்டிப் பிறந்தநாள் கொண்டாடி, போலீஸ் சுற்றி வளைத்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது நினைவிருக்கும். யார், யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லமுடியாத அளவுக்கு அது சினிமாவாக இருந்தது. அது நடந்த இடம் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் மலையம்பாக்கம். வடசென்னை இல்லை. அதற்காக யாரும் பூந்தமல்லிக்காரர்களைப் பார்த்து ஜாக்கிரதையாக இருப்பதாகத் தெரியவில்லை.

டீம் லீடருக்கு நீங்கள் பதில் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. அடுத்த தடவை சிரிக்காமல் இருந்தால் போதும், கொஞ்சம் சங்கடமாக இருக்கும், அது அவருக்கு இருக்கட்டும்.

அக்கா பையனிடம் படம் பார்க்காதே என்று சொன்னால் கேட்கமாட்டான், சொல்லவும் வேண்டாம். சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள், நடுவில் கேள்வி கேளுங்கள்: இவனுக்கு யார் ஜாமீன் எடுத்தது, வக்கீலுக்கு யார் பணம் கொடுத்தது, இவன் உள்ளே இருந்தபோது வீட்டு வாடகை யார் கட்டினது? பதிமூன்று வயசுக்கு இதெல்லாம் நன்றாகவே புரியும். ரீலை மட்டும் இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். கத்தியோடு வீடியோ போடுகிற பையன்களை போலீஸ் தேடிப் பிடித்துக்கொண்டிருக்கிற நேரம் இது, அட்டைக் கத்திதான் சார் என்று ஸ்டேஷனில் போய் விளக்குகிற வேலை உங்கள் அக்காவுக்கு வேண்டாம்.