கேளுங்க சொல்றேன்: சம்மர் ஸ்விம் டீம் ஸ்பெஷல்

மே மாசம் பொறந்தாலே வாஷிங்டன் டிசி பக்கத்துல இருக்குற நம்ம வாசகர்கள்கிட்ட இருந்து ஒரே ஸ்விம் டீம் கேள்வியா வந்து குவியும். தனித்தனியா பதில் போட்டு மாளல, அதனால இந்த தடவ பகுதி முழுக்க அதுக்குத்தான். நான் வடக்கு வர்ஜீனியாவுல இருக்கேன், என் ரெண்டு பசங்களும் பல சம்மர் நீந்தியாச்சு, நானும் ஸ்ட்ரோக் ஜட்ஜா, அதாவது பசங்க முறையா நீந்துறாங்களான்னு பாக்குற ஆளா நின்னு வெயில்ல காஞ்சவ. அந்த தைரியத்துல சொல்றேன்.

அக்கா, நாங்க போன வருஷம்தான் கோயம்புத்தூர்ல இருந்து வந்தோம். பையனுக்கு 7 முடிஞ்சு 8 நடக்குது. பக்கத்து வீட்டம்மா "ஸ்விம் டீம்ல சேத்து விடு"ன்னு பாக்குறப்பல்லாம் சொல்றாங்க. அவன் ஒரு லெங்த் தட்டுத்தடுமாறி போயிடுவான், அதுக்குள்ள மூச்சு வாங்குது. ரேஸ் எல்லாம் இவனுக்கு சரிப்படுமா?
*ஒரு அம்மா, செண்டர்வில், வர்ஜீனியா*

ஒரு லெங்த் போறான்னு சொன்னீங்கல்ல, அவ்ளோதாங்க வேணும். 8 வயசு வரைக்கும் உள்ள குட்டிங்களுக்கு எல்லா ரேஸும் 25 மீட்டர்தான், அதாவது இந்தக் கரையில குதிச்சா அந்தக் கரை. பெரும்பாலான டீம்ல சேர்றதுக்கே "யாரும் புடிக்காம ஒரு லெங்த் போகணும்"ங்கறதுதான் கண்டிஷன், அதுவும் முடியாத சின்னதுங்களுக்கு ப்ரீ-டீம்னு தனியா ஒண்ணு நிறைய இடத்துல வச்சிருக்காங்க.

நம்ம ஊர்ல சம்மர் கேம்ப்னு சொன்னா பணம் கட்டி, பதினஞ்சு நாள் கத்துக்கிட்டு, ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வர்றது. இது அது இல்ல. ஏரியா பூல் ஒவ்வொண்ணுக்கும் ஒரு டீம், அந்த டீம்லாம் சேந்து ஒரு லீக். நம்ம பக்கத்து நார்தர்ன் வர்ஜீனியா ஸ்விம்மிங் லீக் 1956-ல ஆரம்பிச்சது, இப்ப நூறு டீமுக்கு மேல இருக்கு. பலத்தைப் பாத்து ஆறு ஆறு டீமா பிரிச்சு ஒரு டிவிஷன் போடுவாங்க, மத்த அஞ்சு டீமோடயும் ஒரு சனிக்கிழமைக்கு ஒண்ணா மோதணும், ஜூலை கடைசியில ஆறு டீமும் சேந்து மோதுற டிவிஷனல்ஸ், பெரும்பாலானவங்களுக்கு அதோட முடிஞ்சுது. மே கடைசி மெமோரியல் டே லீவுக்கு பூல் தொறப்பாங்க, ஸ்கூல் முடியுற வரைக்கும் சாயங்கால ப்ராக்டிஸ், அப்புறம் காலையில. கோச் யாருன்னு பாத்தீங்கன்னா அதே பூல்ல வளந்த காலேஜ் பசங்க, ஹைஸ்கூல் பசங்கதான், குட்டிங்களுக்கு அவங்கதான் ஹீரோ.

முதல் வாரம் அழுவான், சொல்லிட்டேன். மே மாசத் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், உதடு நீலமாகி பல்லு தந்தி அடிக்க உங்களப் பாத்து "வீட்டுக்குப் போலாம்மா"ம்பான். ரெண்டாவது வாரத்துல ஃப்ரெண்டு கிடைச்சுட்டான்னா அதுக்கப்புறம் நீங்க கூப்பிட்டாலும் வரமாட்டான்.

மீட், அதாவது போட்டி அன்னிக்கு காலையில போய்ப் பாத்தா உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும். பசங்க கையில ஷார்பி பேனாவால கட்டம் போட்டு ஈவென்ட், ஹீட், லேன்னு நம்பர் எழுதி விட்ருப்பாங்க, ஏன்னா 7 வயசுப் புள்ளைக்கு எந்த ரேஸ்ல எந்த லேன்ல நிக்கணும்னு எப்படி ஞாபகம் இருக்கும். எழுதின மை ஞாயித்துக்கிழமை வரைக்கும் போகாது, சோப்பு போட்டுத் தேச்சு அலுத்துடாதீங்க. முந்தின நாள் சாயங்காலம் பாஸ்தா பார்ட்டி, கோஷம், மூஞ்சில பெயிண்ட்டுன்னு ஒரு திருவிழாவே நடக்கும். சாப்பாட்டு விஷயத்துல மட்டும் நம்ம பாணிய கொஞ்சம் ஒத்தி வைங்க, காலையில நாலு இட்லி பொடி எண்ணெயோட இறக்கிட்டு 9 மணி ரேஸ்ல குதிச்சா வயித்தப் புடிச்சுக்கிட்டு நிப்பான். ஒரு வாழைப்பழம் போதும், இட்லிய கூலர்ல வச்சு ரேஸ் முடிஞ்சப்புறம் குடுங்க, அக்கம்பக்கத்துக் கூடாரத்துல இருந்தும் கை நீளும்.

முக்கியமான ஒண்ணு, சனிக்கிழமை மீட்ல ஒரு ரேஸுக்கு ஒரு டீமுக்கு மூணு பேர்தான் நீந்த முடியும், அதனால உங்க பையன் பேரு லிஸ்ட்ல வராம போகலாம், முகத்தத் தொங்கப் போட வேண்டாம். வாரநாள் சாயங்காலத்துல பி மீட்னு ஒண்ணு வைப்பாங்க, அதுல எல்லாரும் நீந்தலாம், ரிப்பன் குடுப்பாங்க. புதுசா சேர்ற குட்டிக்கு அதுதான் நிஜமான சீசன்.

மேடம், என் பொண்ணுக்கு 9 வயசு. போன சம்மர் எந்த ரேஸ் நீந்துனாலும் கடைசி. நான் வீட்ல யூடியூப் பாத்து டெக்னிக் எல்லாம் சொல்லிக் குடுக்கறேன், மீட்ல லேன் பக்கத்துலயே நடந்து வந்து கத்துறேன், ஒண்ணும் வேலைக்கு ஆகல. வருஷம் பூரா நடக்குற கிளப்புக்கு மாத்திடலாமா?
*ஒரு அப்பா, ராக்வில், மேரிலாந்து*

சார், மொத விஷயம், தலை தண்ணிக்குள்ள இருக்கறப்ப உங்க குரல் அவளுக்குக் கேக்காது. கரையில ஒருத்தர் கையக் கையை ஆட்டிக்கிட்டு கூடவே ஓடி வர்றது மட்டும் தெரியும், மூச்சு எடுக்குற நேரத்துல அதைத் திரும்பிப் பாத்தா அதுலயே அரை நொடி போச்சு.

ரெண்டாவது, எத்தனாவது வந்தாங்கறதை விட்டுட்டு டைமைப் பாருங்க. ஜூன் முதல் வாரம் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் எவ்ளோ, ஜூலை கடைசியில எவ்ளோ? 1 நிமிஷம் 10 செகண்ட்ல இருந்து 1 நிமிஷத்துக்கு வந்துருந்தா அது பெரிய முன்னேற்றம், அப்பவும் அவ ஆறாவதா வந்திருக்கலாம், ஏன்னா பக்கத்து லேன்ல இருக்குறது வருஷம் பூரா கிளப்ல நீந்துற புள்ளையா இருக்கும். டீம்ல ரிசல்ட் ஷீட் குடுப்பாங்க, போன வருஷத்துது இருந்தா எடுத்து வச்சுப் பாருங்க. வயசு கணக்கையும் கவனிங்க, எங்க லீக்ல ஜூன் 1 அன்னிக்கு என்ன வயசோ அதுதான் சீசன் முழுக்க. உங்க பக்கமும் அப்படின்னா, 9, 10 வயசு ஒரே பிரிவுங்கறதால இப்பதான் 9 ஆன புள்ள 11 ஆகப்போற புள்ளையோட நீந்தும், அந்த வயசுல கிட்டத்தட்ட ரெண்டு வருஷ வித்தியாசம்னா ஒரு முழம் உயரம்.

உங்க ஏரியாக்காரங்க எல்லாரும் ஒலிம்பிக் நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கி பேரைச் சொல்லித்தான் கிளப்புக்கு இழுப்பாங்க. நானும் அவங்களையே சொல்றேன். பெத்தெஸ்டாவுல பாலிசேட்ஸ்னு ஒரு நெய்பர்ஹுட் பூல், அந்த சம்மர் டீம்லதான் 6 வயசுல ஆரம்பிச்சாங்க. 15 வயசுல 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல 800 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம். கிளப்புக்கு அவங்களும் போனாங்கதான், ஆனா சம்மர் டீம்ல புடிச்சுப்போய் நீந்துனது முதல்ல, மத்ததெல்லாம் அப்புறம். உங்க பொண்ணு வாரத்துல நாலஞ்சு நாள் குளிர்காலத்துலயும் போறேன்னு அவளாக் கேக்குறாளா? கேட்டா சேருங்க. நீங்க கேக்குறீங்கன்னா இன்னும் ஒரு சம்மர் பொறுங்க. யூடியூப் க்ளாஸை மட்டும் இன்னியோட நிறுத்திடுங்க சார், வீட்ல ஒரு கோச், பூல்ல ஒரு கோச்னா புள்ள யார் பேச்சக் கேக்கும்.

என் பொண்ணு ப்ரெஸ்ட் ஸ்ட்ரோக்ல ரெண்டாவது வந்தா, நாங்க கத்தி கொண்டாடி முடிக்கறதுக்குள்ள டிக்யூ, அதாவது தகுதி நீக்கம்னுட்டாங்க. ஏன்னு கேட்டா கோச்சைப் பாருங்கன்னுட்டாரு ஜட்ஜ். எங்க கலரைப் பாத்துத்தான் பண்ணாங்களோன்னு மனசுல ஓடுது, தப்பா அக்கா?
*ஹெர்ண்டன், வர்ஜீனியா*

தப்பில்ல, மனசுல ஓடத்தான் செய்யும். ஆனா நான் அந்த இடத்துல நிக்கிறவ, அங்க என்ன நடக்குதுன்னு சொல்றேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க.

குட்டிங்க நீந்துறதுல டிக்யூ அதிகமா விழுறதே ப்ரெஸ்ட் ஸ்ட்ரோக்லயும் பட்டர்ஃப்ளைலயும்தான். ப்ரெஸ்ட் ஸ்ட்ரோக்ல ரெண்டு காலும் ஒரே மாதிரி தவளை உதைக்கிற மாதிரி வெளிப்பக்கமா திரும்பி உதைக்கணும், நிறைய புள்ளைங்களுக்கு ஒரு கால் மட்டும் உள்பக்கமா மடங்கி கத்திரிக்கோல் மாதிரி வெட்டும், அதை நாங்க சிசர் கிக்ம்போம். இன்னொண்ணு சுவரைத் தொடுறது, திரும்புறப்பவும் முடிக்கிறப்பவும் ரெண்டு கையும் ஒரே நேரத்துல தொடணும். ஒரு கை முன்ன போய் இன்னொண்ணு பின்னால வந்தா கதை முடிஞ்சுது, வேகமா வர்ற புள்ளைங்கதான் முந்தணும்ங்கற ஆசையில ஒரு கையை எட்டிப் போட்டுடும். உங்க பொண்ணுக்கும் அதுவா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். தப்பப் பாத்த ஜட்ஜ் உடனே கையைத் தூக்கி, ஒரு சீட்டுல எந்தத் தப்புன்னு எழுதி ரெஃப்ரிகிட்ட குடுக்கணும். சந்தேகம் இருந்தா நீந்துற புள்ளைக்குச் சாதகமா விட்டுடணும்ங்கறது எங்களுக்குச் சொல்லிக் குடுக்குற முதல் பாடம். ஜட்ஜ் பெத்தவங்ககிட்ட நேரா பேசக்கூடாது, கோச் மூலமாத்தான் கேக்கணும், அதனாலதான் உங்களை அப்படி அனுப்பியிருக்காரு. அந்தச் சீட்டுல என்ன எழுதியிருந்துச்சுன்னு கோச்சைக் கேளுங்க, திங்கக்கிழமை ப்ராக்டிஸ்ல அதையே நாலு தடவ செய்ய வைப்பாரு.

ஒரே ஆள் திரும்பத் திரும்ப நம்ம புள்ளைங்களுக்கு மட்டும் கை தூக்குறாருன்னு தோணுச்சுன்னா அப்ப டீம் சார்பா லீக்கோட பேசுற டீம் ரெப்புக்கு எழுத்துல குடுங்க, சும்மா விடாதீங்க. அதைவிட நல்ல வழி, வசந்த காலத்துல லீக்கே ஃப்ரீயா ட்ரெய்னிங் வைக்கும், வந்து உக்காந்து நீங்களும் ஜட்ஜா நில்லுங்க. நம்ம ஆளுங்க டென்ட்டுக்கடியில நிறைய பேர் இருக்கோம், பூல் கரையில ஜட்ஜோட வெள்ளச் சட்டையில ரொம்பக் கம்மி.

வாடகை வீட்ல இருக்கோம். டீம்ல சேரணும்னா பூல் மெம்பரா இருக்கணுமாம், மெம்பர்ஷிப்புக்கு வெயிட்டிங் லிஸ்ட் ரெண்டு வருஷமாம். இது என்ன நியாயம்?
*அலெக்ஸாண்ட்ரியா, வர்ஜீனியா*

வீட்டு ஓனரைக் கேட்டீங்களா? இந்தப் பழைய பூல் எல்லாம் அந்தத் தெருக்காரங்க ஷேர் போட்டுக் கட்டுனது, ஓனர்கிட்ட ஷேர் இருந்தா வாடகைக்கு இருக்குறவங்க பேருக்கு அதை எழுதிக் குடுக்குற வசதி நிறைய இடத்துல இருக்கு. இல்லன்னா டவுன்ஹவுஸ் அசோசியேஷன் பூல் வச்சிருக்குற ஏரியா டீமைப் பாருங்க, கவுண்டி ரெக் சென்டர் ப்ரோகிராமும் இருக்கு.

நீங்க கேட்ட நியாயம் இருக்கே, அது உங்க ஊர்ப் பக்கத்துலயே சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன கதை தெரியுமா. ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில லிட்டில் ஹண்டிங் பார்க்னு ஒரு குடியிருப்பு பூல். ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டை ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டு, கூடவே பூல் ஷேரையும் அவங்களுக்கு மாத்திக் குடுத்தாரு. கறுப்பினத்தவர்ங்கற ஒரே காரணத்துக்காக போர்டு ஒத்துக்கல, எதிர்த்துக் கேட்ட வீட்டுக்காரரையும் சேத்து வெளிய தள்ளிடுச்சு. 1969-ல சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. மேரிலாந்து வீட்டன் பக்கத்து பூல் ஒண்ணுக்கும் 1973-ல அதே அடி. இன்னிக்கு நம்ம புள்ளைங்க இந்த பூல்ல கோஷம் போட்டுக்கிட்டு நிக்குதுங்கன்னா அந்தக் குடும்பங்க கோர்ட் ஏறுனதும் ஒரு காரணம். வெயிட்டிங் லிஸ்ட்ல பேரை இன்னிக்கே குடுத்துடுங்க, லிஸ்ட் எதிர்பாத்ததைவிட வேகமா நகரும், வீடு மாறிப் போறவங்க ஜாஸ்தி.

ஏம்மா, பேத்தி காலங்காத்தால பச்சத்தண்ணில கிடக்கா. சளி புடிக்காதா? முடியெல்லாம் கயிறா ஆயிடுச்சு. நல்லா செவப்பா இருந்த புள்ள கருவண்டா ஆயிட்டா.
*ஊர்ல இருந்து வந்திருக்கும் ஒரு பாட்டி*

அம்மா, சளி கிருமியாலதான் வருது, தண்ணியால இல்ல. வெளிய வந்ததும் டவலைப் போத்தி விடுங்க, அது போதும். முடிக்கு, பூல்ல இறங்குறதுக்கு முன்ன ஷவர்ல நல்லா நனைச்சுட்டு கேப் போடச் சொல்லுங்க, ஏற்கனவே நல்ல தண்ணிய உறிஞ்சுன முடி குளோரின் தண்ணிய அவ்வளவா உறிஞ்சாது. எண்ணெய ராத்திரி வச்சு விடுங்க, வழிய வழிய வச்சு பூலுக்கு அனுப்பாதீங்க, தண்ணில மிதக்கும், கேப்பும் வழுக்கிட்டு வந்துடும். சன்ஸ்க்ரீன் தோல் எரியாம இருக்கறதுக்கு, கட்டாயம் போடணும். கறுத்ததைப் பத்திக் கவலைப்படாதீங்க, அவ காதுல விழுற மாதிரி மட்டும் சொல்லிடாதீங்கம்மா.

வாலன்டியர் பண்ணியே ஆகணுமாம், இல்லன்னா டெபாசிட் திரும்ப வராதாம். எனக்கு நீச்சலே தெரியாது. நான் என்ன பண்றது?
*ஒரு அப்பா, ரெஸ்டன், வர்ஜீனியா*

டைமருக்குப் பேரு குடுங்க, அதாவது வாட்ச்ல நேரம் குறிக்கிற வேலை. நீச்சல் தெரிய வேண்டாம், கண்ணும் கட்டைவிரலும் போதும். ஒரு லேனுக்கு மூணு பேரு நிப்பாங்க, மூணு வாட்ச்ல நடுவுல வர்ற டைமைத்தான் எடுப்பாங்க, அதனால நீங்க ஒரு தடவ சொதப்புனாலும் புள்ளைக்கு நஷ்டம் இல்ல. ஸ்டார்ட்டர் மெஷின்ல பீப் சத்தத்தோட ஒரு லைட்டும் மின்னும், லைட்டைப் பாத்து அமுக்குங்க, சத்தம் உங்க காதுக்கு வந்து சேர கொஞ்சம் லேட்டாகும். முடிக்கிறப்ப குனிஞ்சு சுவரையே பாருங்க, புள்ள உடம்புல எது தொட்டாலும் சரி, தொட்ட உடனே அமுக்கிடணும். உங்க சொந்தப் புள்ள அடுத்த லேன்ல முந்திக்கிட்டு வந்தாலும் அந்தப் பக்கம் தலை திரும்பக் கூடாது, அதுதான் கஷ்டம்.

இடி கேட்டா எல்லாரும் வெளிய, கடைசி இடியில இருந்து அரை மணி நேரம் காத்திருக்கணும், மறுபடி இடிச்சா மறுபடி மொதல்ல இருந்து. அதனால 12 மணிக்கு வேற ப்ரோகிராம் எதுவும் வச்சுக்காதீங்க. தொப்பி, தண்ணி பாட்டில், ரப்பர் செருப்பு எடுத்துக்கோங்க. ஷூ போட்டுட்டு வராதீங்க, முதல் ரேஸ்லயே தொப்பலா நனைஞ்சிடும்.