நெல்சன் டேவிஸின் விதவை

அன்புள்ள அக்கா,

அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த கறுப்பினப் பெண் ஹாரியட் டப்மன், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வேவு பார்த்தவர் என்று படித்தேன். ஆனால் அவருக்குக் கிடைத்தது கணவரின் பேரில் வந்த விதவை பென்ஷன்தான் என்று தெரிந்ததும் ஏமாற்றமாகிவிட்டது. அவரைப் படைவீரர் என்பது மிகைதானே? தன்னைவிட இருபது வயதுக்கு மேல் இளையவரை அவர் ஏன் மணந்தார்?

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாட்களாக நானும் அந்தக் கணவரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வயதுக் கேள்வியை விடுங்கள், அது அவர்கள் சொந்த விஷயம்.

'மிகை' என்று எழுத எப்படி மனம் வந்தது? 1863 ஜூன் 2 அன்று தென் கரோலினாவின் காம்பஹீ ஆற்றில் ராணுவப் படகுகளுக்கு வழிகாட்டிப் போனவர் அவர். அன்று விடுதலையான அடிமைகள் 700 பேருக்கு மேல். படைக்கு உழைத்த நேரம் போக, ராத்திரியில் பை சுட்டு விற்றுத்தான் பிழைத்தார்.

சரி, நெல்சனுக்கு வருகிறேன். கறுப்பினத்தவரின் 8-வது காலாட்படையில் இருந்தவர். போருக்குப் பின் நியூயார்க் மாநிலத்தின் ஆபர்னில் ஹாரியட் வீட்டில் குடியிருந்தார். 1869-இல் கல்யாணம். 1874-இல் கெர்ட்டி என்ற குழந்தையைத் தத்தெடுத்தார்கள். 1888-இல் காசநோய் நெல்சனைக் கொண்டுபோயிற்று. 1890-இல் புதிய பென்ஷன் சட்டம் வந்ததும் ஹாரியட் மனுப் போட்டார். அங்கேதான் சிக்கல். படைப் பதிவேட்டில் கணவர் பெயர் நெல்சன் சார்ல்ஸ். அது அவரை அடிமையாக வைத்திருந்தவனின் பெயர். விடுதலையான மனிதர் அதைத் தூக்கியெறிந்துவிட்டுத் தன் அப்பாவின் பெயரான டேவிஸை வைத்துக்கொண்டார். அப்பா பெயரை மீட்டுக்கொண்டதற்காக அவர் மனைவி, சார்ல்ஸும் டேவிஸும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர், வாக்குமூலத்தின் அடியில் பெருக்கல் குறிதான் போட்டார். முதல் கணவர் ஜான் டப்மன் செத்துப்போனதற்கும் சாட்சி வேண்டும். அவரைச் சுட்டுக் கொன்ற வெள்ளைக்காரனை நீதிமன்றம் விடுவித்திருந்தது. 1895-இல்தான் மாதம் 8 டாலர் கிடைத்தது.

என் பெரியம்மா விதவை பென்ஷனுக்கு நடையாய் நடந்தபோது துணைக்குப் போயிருக்கிறேன். பெரியப்பா பெயர் ஒரு தாளில் சுப்பையா, இன்னொன்றில் சுப்பையன். "ரெண்டும் ஒரே ஆளாம்மா?" என்று ஜன்னலுக்கு உள்ளேயிருந்து கேட்டார்கள். காலமெல்லாம் அவருக்குச் சோறாக்கிப் போட்டவளிடம் கேட்கிற கேள்வியா அது! பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் பென்ஷன் தாளை வைத்து ஒருவரை எடைபோடுகிறவர்களைக் கண்டால் கத்திவிடுகிறேன்.

1899-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டுத் தொகையை 20 டாலராக்கியது. ஹாரியட் செவிலியாகவும் உளவாளியாகவும் உழைத்ததெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் சட்ட வாசகத்தில் அவர் நெல்சன் டேவிஸின் விதவை, அவ்வளவுதான். ஏமாற்றம் வந்தால் அந்த நாடாளுமன்றத்தின்மேல் வரட்டும் தம்பி, அந்த அம்மாவின்மேல் ஏன்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கோப்பு அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது, சில பக்கங்களை இணையத்திலும் பார்க்கலாம். அவருடைய வாக்குமூலத்தைப் படித்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா