கரப்பந்தாடும் பிள்ளைக்குக் கம்பஸ் தெரிவு செய்வது எப்படி?

திருகோணமலையில் உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் உங்கள் மகள் மாகாணம் வரை கரப்பந்தாடியவள். ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் தரத்தை எப்படி அறிவது என்று கேட்டிருந்தீர்கள், அண்ணா.

முதலில் அனுமதி. அமெரிக்காவைப் போல விளையாட்டுக்குப் புலமைப்பரிசில் தந்து கூப்பிடும் வழக்கம் நமது அரச பல்கலைக்கழகங்களில் இல்லை. உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளிதான் பிரதானம். பாடத்துக்கு வெளியே சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விசேட அனுமதி உண்டு. சான்றிதழ்களை இப்போதே ஒழுங்காகச் சேர்த்து வையுங்கள். விளையாட்டையே படிக்க விரும்பினால் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் பட்டநெறி இருக்கிறது.

பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு மைதானத்துக்கே போய் நில்லுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகம் நமக்குப் பக்கம்தானே, அங்கிருந்து தொடங்கலாம். நான் படித்த இடத்தில் கிண்ணங்கள் அலுமாரி நிறைய இருந்தன. பெண்கள் அணியின் வலையோ நைலோன் கயிற்றால் முடிச்சுப் போட்டுக் கிடந்தது. பயிற்றுநர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். அந்த முடிச்சுகளைப் பார்த்திருந்தால் எனக்கு எல்லாம் முன்பே விளங்கியிருக்கும்.

ஆட்டக்காரப் பிள்ளைகளிடமே கேளுங்கள்: போன பல்கலைக்கழக விளையாட்டு விழாவுக்குப் பெண்கள் அணி போனதா? போட்டியும் பரீட்சையும் ஒரே நாளில் வந்தால் பீடம் என்ன செய்கிறது? காயம்பட்டால் யார் பார்ப்பது? பயிற்சி முடிந்து இருட்டில் விடுதிக்கு எப்படித் திரும்புகிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை மகளையே கேட்கச் சொல்லுங்கள், உங்களிடம் சொல்லாததை அவளிடம் சொல்வார்கள்.