வேர்க்கொம்பு

கேள்வி: ஆங்கில 'ஜிஞ்சர்' நம் இஞ்சியிலிருந்து போனதுதான் என்கிறார்களே, அதன் வேர் உண்மையிலேயே தமிழா? 'கேஷ்' கூட நம் காசுதானாமே?
– வாசகி, உப்புவெளி

பதில்: வேர் என்று கேட்டீர்கள் தங்கச்சி, விடையும் அந்த வேரில்தான் இருக்கிறது. இஞ்சி தனியாகக் கப்பல் ஏறவில்லை, 'இஞ்சிவேர்' என்று வேரோடு போனது. பாளியில் சிங்கிவேர, கிரேக்கத்தில் ஸிங்கிபெரிஸ், லத்தீனில் ஸிங்கிபெரி, பழைய ஆங்கிலத்தில் ஜிஞ்சிஃபர். இன்றைய ஜிஞ்சரின் வாலில் ஒட்டியிருக்கும் 'ர்' நம் வேரின் கடைசி எழுத்து. இந்த ஒரு சொல்லின் பயணத்தை ஆராய்ந்து ஆலன் ராஸ் என்ற ஆங்கிலேயர் 1952இல் தனி நூலே எழுதினார். மலையாளத்துக்கும் இதில் பங்குண்டு. சொல் கிரேக்கம் போன காலத்தில் நாம் இன்னும் பாகம் பிரியவில்லை.

சமஸ்கிருதக்காரர் இதைச் 'சிருங்கவேர' ஆக்கினார்கள். சிருங்கம் என்றால் கொம்பு. இஞ்சிக் கிழங்கைப் பார்த்தால் மான்கொம்பு மாதிரித்தானே இருக்கிறது, பெயரே அதனால்தான் வந்தது என்று நினைத்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் அம்மம்மாவிடம் சுக்குக்கு என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள். வேர்க்கொம்பு என்பா. அதே வேர், அதே கொம்பு! மாரி காலத்தில் தடிமன் பிடித்தால் எங்கள் வீட்டில் வேர்க்கொம்பைத் தட்டி, கொத்தமல்லியோடு அவித்துச் சுடச்சுடத் தருவார்கள். இன்று திருகோணமலைக் கடைகளில் வேர்க்கொம்பு கேட்டால் பொடியன்கள் முழிக்கிறார்கள். பைக்கற்றில் 'சுக்குத் தூள்' என்றுதான் அச்சடித்திருக்கிறதாம். ஜிஞ்சர் நம்முடையது என்று மார்தட்டுகிற வீட்டிலேயே வேர்க்கொம்பு செத்துக்கொண்டிருப்பது எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் கேஷ். ஆங்கிலத்தில் இரண்டு கேஷ் உண்டு. இந்திய, சீனச் சில்லறை நாணயங்களுக்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர், போர்த்துக்கீசர் வாய்வழி போன நம் காசு. கடையில் 'கேஷா, கார்டா?' என்று கேட்கிறார்களே, அது பணப்பெட்டியைக் குறித்த இத்தாலிய 'காஸா'விலிருந்து பிரெஞ்சு வழி வந்த வேறு சொல். அதற்கும் மூலம், பெட்டி என்று பொருள்படும் லத்தீன் 'காப்ஸா'. இதை எழுதும்போதெல்லாம் தமிழ்த் துரோகி என்று எனக்குக் கடிதம் வரும். சரி, வரட்டும். இஞ்சிக்கு ஒவ்வொரு துறைமுகத்திலும் சாட்சி நிற்கிறது. இந்தக் கடைக் கேஷுக்கு ஓசை ஒன்றுதான் இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் இஞ்சியையும் யாரும் நம்பமாட்டார்கள்.

மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பக்கம் வேர்க்கொம்புக்கு வேறு பெயர் வழங்கினால் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.