மாஸ்ஃபெட்டை அடுக்கும் முன் மோட்டாரை அளந்து பாருங்கள்

கேள்வி: நானும் தோழர்களும் போட்டிக்காக ஒன்றரைக் கிலோ சண்டை ரோபோ கட்டுகிறோம். சக்கர மோட்டார்களுக்கு 30 ஆம்பியர் என்று போட்டிருந்த மலிவு கன்ட்ரோலர்களை (மோட்டாரின் வேகத்தையும் திசையையும் மாற்றும் போர்டு) வாங்கினோம். முட்டித் தள்ளும்போது இரண்டும் புகைந்துவிட்டன. போர்டில் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சான மாஸ்ஃபெட் மீது இன்னொன்றை வைத்து சால்டர் செய்தால் தாங்குமா? பேட்டரி மூன்று செல் லித்தியம்.
– வாசகர், பாலக்கோடு

பதில்: அதைக் கடைசியாகச் செய்யுங்கள் தம்பி. கிருஷ்ணகிரியில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் நான். எரிந்த காயிலைப் பிரிப்பதற்கு முன் எரித்தது எது என்றுதான் தேடுவேன்.

முதலில் மோட்டாரின் தடையை அளங்கள். இவ்வளவு சிறிய தடைக்கு மல்டிமீட்டரின் ஓம் அளவை நம்ப வேண்டாம். பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை மோட்டாரோடு தொடராக இணைத்து, தண்டைச் சுழலவிடாமல் பிடித்துக்கொண்டு, ஓடும் ஆம்பியரையும் மோட்டார் முனைகளில் உள்ள வோல்ட்டையும் பாருங்கள். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. அது 0.6 ஓம் என்று வைத்துக்கொள்வோம். முழு சார்ஜில் உங்கள் பேட்டரி 12.6 வோல்ட். சக்கரம் சிக்கி நின்றால் 21 ஆம்பியர் பாயும். முழு வேகத்தில் முன்னால் போகும்போதே சட்டென்று பின்னுக்கு இழுத்தால், சுழலும் மோட்டார் உண்டாக்கும் மின்னழுத்தமும் பேட்டரியோடு சேர்ந்துகொள்ளும். ஒரு கணம் 40 ஆம்பியரை நெருங்கும். 30 என்ற அச்செழுத்து அங்கே உதவாது. கன்ட்ரோலரிலோ ரிமோட்டிலோ வேகத்தை மெல்ல மாற்றும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது பேட்டரி ஒயர். என் அக்கா மகனின் ரோபோவில் பேட்டரியைப் பின்னால் வைப்பதற்காக ஒன்றரை அடி ஒயரை நான்தான் நீட்டிக்கொடுத்தேன். முதல் மோதலிலேயே 'டக்' என்ற சத்தம். மாஸ்ஃபெட்டின் முதுகில் கடுகளவு ஓட்டை; அந்த நெடி பட்டறையில் மாலைவரை போகவில்லை. ஓடும் பம்பின் கேட் வால்வைச் சட்டென்று மூடினால் குழாய் அதிருமே, நீண்ட ஒயரில் மின்னோட்டத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டும்போதும் அதே அடிதான். அதனால் பேட்டரி ஒயரைக் குட்டையாக வைத்து, நீட்டுவதானால் மோட்டார் பக்க ஒயரை நீட்டுங்கள். அந்த அடியை வாங்கிக்கொள்ள, 470 மைக்ரோஃபாராட், 35 வோல்ட், லோ இ.எஸ்.ஆர் (உள் தடை குறைந்த) வகைக் கப்பாசிட்டர் ஒன்றை போர்டின் பேட்டரி முனைகளிலேயே, அதன் கால்களைக் குட்டையாக நறுக்கி, பிளஸ் மைனஸ் பார்த்து சால்டர் செய்யுங்கள். அதிர்ச்சியில் கால் ஒடியாமலிருக்க சிலிக்கான் பசை வையுங்கள்.

இவற்றுக்குப் பிறகும் சுட்டால் மாஸ்ஃபெட்டை அடுக்கலாம். ஒரே நம்பராக இருக்கட்டும். தடை பாதியாகும், ஆனால் மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடவைக்கும் 'கேட்' என்ற முனையை இயக்கும் பகுதிக்குச் சுமை இரட்டிப்பாவதால், திறந்து மூடுவது மந்தமாகி அதிலேயே சூடு ஏறும். அதனால் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

மாற்றிய போர்டுக்கு நேரடியாக பேட்டரி கொடுக்காதீர்கள். பட்டறையில் நாங்கள் செய்வதுபோல் பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவே தொடராக ஒரு சீரிஸ் பல்பு போடுங்கள்: 12 வோல்ட், 55 வாட் ஹெட்லைட் பல்பு போதும். மோட்டார் ஓடாமலே பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். சக்கரங்களைத் தூக்கி வைத்து, ஆயுதத்தின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஓடும்போதே ரிமோட்டை அணையுங்கள். சக்கரம் உடனே நிற்க வேண்டும். நிற்காத ரோபோவைக் களத்தில் இறக்காதீர்கள்.